மூன்று நாள் லீவு எடுத்த மழை

ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது நான் ஒரு கண்டுபிடிப்பு செய்தேன். மலையாள நாட்டில் நாங்கள் குடியிருந்த வலியசாலையில் பெய்யும் மழை மாதத்துக்கு மூன்று நாள் லீவு எடுத்துக்கொள்கிறது என்பதுதான் அது. நான்கு மாதம் தினமும் அளந்து, நீல ஸ்கெட்ச் பேனாவால் மாதத்துக்கொரு சார்ட் தாளில் தூண் தூணாக வரைந்து, பள்ளிக்கூட சயின்ஸ் எக்ஸிபிஷனில் தெர்மோகோல் பலகையில் குத்தி நிறுத்தினேன். முதலாவதாக வந்தால் வட்டாரப் பள்ளிகளெல்லாம் கூடும் உபஜில்லா மேளாவுக்கு அனுப்புவார்கள். நான் அதற்கு மட்டும்தான் உயிரோடு இருந்தேன்.

மழைமானி, தலையை வெட்டிக் கவிழ்த்த ஒரு சோடா பாட்டில். யார் காலும் படாத இடமாக, மொட்டை மாடியில் மடிக்கொடிக்குக் கீழே வைத்திருந்தேன். அப்பா கோவில் மடைப்பள்ளியில் வேலை பார்த்ததால் எங்கள் வீட்டில் மடி கொஞ்சம் கடுமை. சமையலுக்கும் பூஜைக்கும் உடுத்துகிற புடவையை அம்மா விடியுமுன் நனைத்துப் பிழிந்து அந்தக் கொடியில் போடுவாள். அதை நாங்கள் தொடக்கூடாது. நான் ஏழரை மணிக்குக் குனிந்து ஊர்ந்துபோய்ப் பாட்டிலைப் பார்ப்பேன். இரண்டு கோடு, மூன்று கோடு தண்ணீர் இருக்கும். தெருவில் தூசி பறக்கிற நாளிலும் இருக்கும். கண்ணை நம்பாதே, கருவியை நம்பு என்று சயின்ஸ் சார் சொல்லியிருந்தார். நான் நம்பினேன்.

மாதத்தில் மூன்று நாள் அம்மா உள்ளறையில் ஒதுங்கி உட்கார்ந்துவிடுவாள். அப்போது அப்பா சமைப்பார், கொடி காலியாக இருக்கும். அந்த மூன்று நாளும் என் பாட்டிலும் காலி. நவம்பரில் வானமும் ஒத்துழைத்திருக்க வேண்டும். நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று மூன்று இடைவெளி, ஒன்று தொடங்கி அடுத்தது தொடங்கச் சரியாக இருபத்தெட்டு நாள். ஒரே வீட்டில் கண்ணெதிரே நடந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

நடுவராக வேறு பள்ளியிலிருந்து ஒரு டீச்சர் வந்திருந்தார். நான் மனப்பாடம் செய்த மலையாளத்தில் ஒப்பித்தேன். அவர் இடைவெளிகளில் விரல் வைத்து எண்ணினார். பாட்டில் எங்கே இருந்தது, அதற்கு மேலே என்ன இருந்தது என்று கேட்டார். மடிப்புடவை என்றேன். அவர் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு பிப்ரவரியைக் காட்டி, இதில் இடைவெளி எங்கே என்றார்.

“பிப்ரவரியில மழ லீவே எடுத்தில்லா டீச்சர். இன்னு வரெ பெய்யுந்நு” என்றேன், இன்றுவரை விடாமல் பெய்கிற பெருமையோடு.

அவர் என் பக்கம் குனிந்தார். “அம்மைக்கு சுகம் தன்னே, மோளே?” என்று கேட்டார். மழைக்கும் அம்மாவுக்கும் என்ன சம்பந்தம்? சுகம்தான் என்றேன். பிப்ரவரித் தாளை மட்டும் கழற்றி, மடித்து, அம்மாவிடம் கொடுக்கச் சொல்லி என் கையில் வைத்தார். முதல் பரிசு தீப்பெட்டியில் காற்றாலை செய்த பையனுக்குப் போயிற்று. அழுதுகொண்டேதான் வீட்டுக்கு வந்தேன்.

அம்மா தாளைப் பிரித்து, டீச்சர் கேட்டதையெல்லாம் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். பிறகு கட்டைவிரலால் கணு கணுவாக எண்ணினாள். முகம் சிவந்துவிட்டது.

“இத எல்லாரும் பாத்தாளாடி?”

“ஹெட்மாஸ்டர்கூடப் பாத்தார்மா. நன்னாருக்குன்னார்.”

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் குப்பியை நாளைக்கே கைப்பிடிச் சுவர்மேல் மாற்றி வைக்கச் சொன்னாள். வைத்தேன். மறுநாளிலிருந்து வலியசாலையில் மழை அடியோடு நின்றுபோயிற்று. அந்த டீச்சரின் கண்பட்டதுதான் காரணம் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் ஐப்பசியில், துலா மழை கொட்டிய ஒரு மத்தியானத்தில் தங்கை பிறந்தாள். அவள் வரப்போகிற சேதியை அம்மா முதலில் தனக்குத்தான் சொன்னாள் என்று அப்பா இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறார். அவருக்கு முன்பே ஹெட்மாஸ்டர் உட்பட ஒரு பள்ளிக்கூடம் முழுவதுக்கும் நான் அதைக் குச்சியால் தொட்டுத் தொட்டு விளக்கியிருந்தேன். விளங்காமல் நின்றவள் நான் ஒருத்திதான்.