கையை விடாத பால்குடம்

பாடசாலையில் மூன்றாம் ஆண்டுக்கு வந்தும் எனக்குச் சப்பாத்து லேஸ் கட்டத் தெரியாது. அதற்கு அம்மா இருந்தாள். அந்த மழைக்காலத்தில் அவள் தேயிலைக் கொழுந்துச் சாக்கோடு மலையில் வழுக்கி விழுந்தாள். அதன் பிறகு, குனிய வேண்டுமென்றால் முதலில் சுவரைத் தேடுவாள். லேஸ் கட்டும் வேலை அப்பாவுக்குப் போனது. அவர் போட்ட முடிச்சு பாடசாலை வாசல் வரைகூடத் தாங்காது. கோபத்தை நான் அம்மாவிடம்தான் காட்டினேன்.

ஹட்டனில் வைத்தியம் பார்த்த இடத்தில், ஒரு மிஸ் அம்மாவுக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்க வேண்டும். இருபது எண்ணும் வரை ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். குதிகாலுக்கு முன்னால் குதிகால் வைத்து நேர்கோட்டில் நடக்க வேண்டும். கால் தடுமாறாமல் இருந்தால் இடுப்பு தப்பிக்கும் என்றாராம்.

தோட்டத்து லயத்தில் எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு காம்பரா, அதில் நடக்க ஏது இடம்? அம்மா வாசலில், தண்ணீர் ஓடும் கான் ஓரத்துச் சீமெந்துக் கட்டின் மேல் நடந்தாள். எண்ணுவது என் பொறுப்பு. கோபமாக இருந்த நாள்களில் பதினேழுக்குப் பிறகு மறுபடியும் பதினைந்து வரும்.

இடுப்பு வலி என்று அம்மா வெளியே மூச்சு விடவில்லை. வேலையை மேற்பார்க்கும் கண்டாக்குக்குத் தெரிந்தால் மலைக்கு விடமாட்டார் என்ற பயம். அம்மன் கோயில் திருவிழா நெருங்கிய நேரம் வேறு. அம்மா கட்டில் நடந்து பழகுவதைப் பார்த்து, பக்கத்துக் காம்பரா அத்தை தானாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்.

“என்னா அண்ணி, ஆத்தாவுக்கு நேர்த்தியா? பால்கொடம் எடுக்கப் போறீங்களா?”

அம்மா சிரித்து மழுப்பினாள். நான் சும்மா இருந்திருக்கலாம். “ஆமா அத்தை, கொடத்தக் கையால பிடிக்காமயே எடுக்கப் போறாங்க!” என்றேன்.

மாலைக்குள் லயம் முழுக்க அதே பேச்சு. “புள்ள வாயில வந்துருச்சு. இனி எடுக்காம இருந்தா ஆத்தாவுக்கு ஆகாது” என்று அம்மா அப்பாவிடம் சொன்னாள். அப்பா என்னை முறைத்தார்.

திருவிழாவன்று ஆற்றங்கரையிலிருந்து கோயிலுக்குச் செங்குத்தான படிகள், தூறல், தப்பு மேளச் சத்தம். மஞ்சள் சேலையில் அம்மா வந்தாள், தலையில் இருந்த குடத்தை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்தபடி! பாதிப் படியில் முன்னால் போனவர் சட்டென்று நிற்க, அம்மாவின் கால் வழுக்கியது. முழங்காலை மடக்கி, மறுகாலை ஊன்றி நின்றாள். பால் ஒரு சொட்டும் சிந்தவில்லை. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பார்த்ததெல்லாம் அவள் கைகளைத்தான். என் தோழிகள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், மானம் போய்விட்டது.

“ஏம்மா கைய விடல?” என்று வீட்டில் அழுதேன்.

“ஆத்தாகிட்டப் போயி வித்தை காட்டலாமா கண்ணு?” என்றாள்.

மறுநாள் பாடசாலைக்குக் கிளம்பும்போதும் என் கோபம் ஆறவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, காலை மட்டும் நீட்டினேன். அம்மா குனிந்து இரண்டு சப்பாத்துக்கும் இரட்டை முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். சுவர் பக்கத்திலேயே இருந்தது. அவள் அதைப் பிடிக்கவில்லை. வீடு திரும்பும் வரை லேஸ் அவிழவே இல்லை. அது ஏன் என்றுகூட நான் யோசிக்கவில்லை.