ஏப்ரல் பதினொன்றாம் தேதி விண்ணப்பம்

2017 ஏப்ரல் 11, செவ்வாய். விண்ணப்பம்.
2017 ஜூன் 19, திங்கள். மருந்து மூன்று. கட்டியது: ஒன்றுமில்லை.
2017 நவம்பர் 2, வியாழன். பெண் குழந்தை.
2018 பிப்ரவரி 8, வியாழன். மருந்துக்கு 25.80 பவுண்டு. அபராதம் 100. ஆக 125.80.
2018 மார்ச் 14, புதன். மேல் அபராதம் 50. ஆக 175.80.

கெர்ரி ஹெப்வொர்த்துக்கு அப்போது முப்பத்தொரு வயது. யார்க்‌ஷயரின் கிழக்குக் கோடியில், ஸ்கெல்பி என்ற ஆற்றங்கரை ஊரில், கேரவன் என்ற சக்கர வீடுகளைக் கட்டும் தொழிற்சாலையில் பன்னிரண்டு ஆண்டாக மின்கம்பி இழுக்கும் வேலை. அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு கேரவனுக்கும் ஓர் அட்டை இருக்கும். கேஸ் குழாய் போட்டவர், தண்ணீர்க் குழாய் போட்டவர், கம்பி இழுத்தவர் என்று வரிசையாகக் கையெழுத்துப் போட்டு, அலமாரிக் கதவின் உட்புறம் அதை ஒட்டிவிடுவார்கள். 2011-ல் ஒரு கேரவன் கடற்கரையிலிருந்து திரும்பி வந்தது. படுக்கை விளக்கு எரியவில்லை என்று புகார். அட்டையில் கெர்ரியின் பெயர். ஃபோர்மேன் வேறு ஆளை அனுப்புகிறேன் என்றார். அவள் கேட்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் போய்த் தானே கழற்றி, தானே பூட்டி, அட்டையில் தேதி போட்டு மறுபடியும் கையெழுத்திட்டுவிட்டுத்தான் டீ குடித்தாள். பெயர் எழுதிய இடத்தில் ஆள் நிற்க வேண்டும் என்பது அவள் கட்சி.

அப்படிப்பட்டவள்தான் ஜூன் 19-ஆம் தேதி படிக்காமல் கையெழுத்துப் போட்டாள்.

ஐந்தாவது மாதம். டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை, சிறுநீர்த் தொற்றுக்கு மாத்திரை, நெஞ்செரிச்சலுக்கு ஒரு பாட்டில் என்று எழுதிக் கொடுத்திருந்தார். மருந்துக் கடையில் மௌரீன் இருந்தாள். இருபது ஆண்டாக அதே கவுன்டரில் நிற்பவள், கெர்ரியைப் பள்ளிச் சீருடையில் பார்த்தவள். மருந்துச் சீட்டின் பின்பக்கம், ஏன் பணம் கட்ட வேண்டாம் என்பதற்கு வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். பொருந்தும் கட்டத்தில் குறி போட்டுக் கீழே கையெழுத்திட வேண்டும். மௌரீன் தானே பேனாவை எடுத்தாள்.

“உன்னை என்னத்தக் கேக்குறது கண்ணு. வயிறு உனக்கு முன்னாடியே கடைக்குள்ள வந்துருச்சு” என்று சொல்லிக்கொண்டே குறி போட்டு, தாளைத் திருப்பி வைத்தாள். “இங்க ஒரு கையெழுத்து.”

கெர்ரி சிரித்தாள், போட்டாள். ‘செல்லுபடியாகும் மகப்பேற்றுச் சான்று என்னிடம் உள்ளது’ என்று அந்தக் கட்டத்துக்கு எதிரே அச்சிட்டிருந்ததை அவளும் படிக்கவில்லை, மௌரீனும் படித்துக் காட்டவில்லை. வயிறு தள்ளி நிற்பவளிடம் போய்ச் சான்று அட்டையைக் காட்டு என்று கேட்பது, ஸ்கெல்பியைப் பொறுத்தவரை, பாதிரியாரிடம் உமக்குக் கடவுள் நம்பிக்கை உண்டா என்று கேட்பதைப் போல.

குழந்தை பிறந்து மூன்று மாதம் கழித்து, இலவச மருந்துகளைச் சரிபார்க்கும் அரசு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. சான்று இல்லாமலே, இருப்பதாகச் சொல்லி இலவச மருந்து வாங்கியிருக்கிறீர்கள், 125.80 பவுண்டு, இருபத்தெட்டு நாள் அவகாசம். குழந்தை ஐவியை ஒரு தோளில் போட்டுக்கொண்டு கெர்ரி அதை மூன்று முறை படித்தாள். பேறுகால விடுப்பில் வாரத்துக்கு நூற்று நாற்பது பவுண்டு சொச்சம் வந்துகொண்டிருந்தது. ஆனால் அவளைக் குத்தியது தொகை இல்லை. இரண்டாம் பத்தியில் ‘தவறான உறுதிமொழி’ என்று இருந்தது. அதை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

அன்று மத்தியானமே அந்த அலுவலகத்தைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். நாற்பத்திரண்டு நிமிடம் பாட்டுக் கேட்டபடி காத்திருந்த பிறகு ஓர் இளைஞன் பேசினான். மரியாதையான பையன். நீங்கள் கர்ப்பமாக இருந்தீர்கள் என்பதை நாங்கள் மறுக்கவில்லை, அன்றைய தேதியில் உங்கள் பெயரில் சான்று இல்லை என்பதுதான் விஷயம் என்றான்.

“அப்போ இலவச மருந்து வயித்துக்கா, கார்டுக்கா?” என்று கெர்ரி கேட்டாள்.

“கார்டுக்குத்தாங்க, மிஸஸ் ஹெப்வொர்த்.”

அதை அப்படியே தேதி, நேரத்தோடு ஐவியின் தடுப்பூசிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டாள். கைக்கு வேறு தாள் எட்டவில்லை.

கணவன் ரஸ் கண்ணாடித் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். நல்லவன், ஆனால் அரசாங்க முத்திரை போட்ட உறையைக் கண்டால் பிரிக்கவே பயப்படுவான். கட்டித் தொலைத்துவிடலாம் என்றான். இதே வேல்ஸில் இருந்திருந்தால் எல்லாருக்குமே மருந்து இலவசம், கேள்வியே இல்லை என்றும் சொன்னான்.

“அப்போ பெட்டியக் கட்டு, வேல்ஸுக்குப் போவோம்.”

“கிண்டல் பண்ணாத கெர்ரி. நாளக் கடத்துனா இன்னும் அம்பது ஏத்துவான்.”

“ஏத்தட்டும். கட்டுனா நான் பொய் சொன்னேன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. நான் படிக்காமப் போட்டேன், அது என் தப்பு. பொய் சொல்லல. ரெண்டும் வேற.”

அவளுக்கு ஒன்று நன்றாக நினைவிருந்தது. ஏப்ரல் 11-ஆம் தேதி, கிளினிக்கில் முதல் சோதனைக்குப் போனபோது, பேறுகால நர்ஸ் ஆலிசன் ஒரு விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்தாள். பல்லுக்கும் மருந்துக்கும் காசு வேண்டாம், அட்டை தபாலில் வந்துவிடும் என்றாள். அட்டை வரவில்லை. யாரும் கேட்காததால் வராததையும் கெர்ரி கவனிக்கவில்லை. ஆலிசன் இப்போது லிங்கன் பக்கம் மாற்றலாகிப் போய்விட்டாள். கிளினிக்கில் கேட்டால், வாரத்துக்கு இருபது விண்ணப்பம் எழுதுகிறோம், எதை ஞாபகம் வைத்திருப்பது என்றார்கள்.

ஆனால் தாள் ஞாபகம் வைத்திருக்கும். கர்ப்பிணிகள் முதல் சோதனையிலிருந்து பிரசவம் வரை கையோடு சுமந்து திரியும் பிளாஸ்டிக் கோப்பு ஒன்று உண்டு. ரத்த அழுத்தம், எடை, குழந்தையின் துடிப்பு எல்லாம் அதில்தான் எழுதுவார்கள். பிரசவம் ஆனதும் வார்டில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கெர்ரியும் கொடுத்துவிட்டாள். நகல் வேண்டும் என்று மாவட்ட ஆஸ்பத்திரியின் ஆவணப் பிரிவில் பத்துப் பவுண்டு கட்டி எழுதிக் கொடுத்தாள். நாற்பது நாள் வரை ஆகும் என்றார்கள். அபராதத்துக்கு இருபத்தெட்டு நாள், ஆதாரத்துக்கு நாற்பது நாள். மார்ச் 14-ஆம் தேதி ஐம்பது பவுண்டு ஏறிய கடிதம் வந்தது. ரஸ் அதை மேசையில் வைத்துவிட்டுக் குப்பைத் தொட்டியை வெளியே வைக்கப் போனான். திரும்பி வர இருபது நிமிடம் ஆயிற்று.

ஏப்ரல் 10-ஆம் தேதி நகல் வந்தது. தொண்ணூற்று நான்கு தாள். ஏழாவது தாளில், கடைசி வரிக்கு முந்தைய வரி: ‘இலவச மருந்து விண்ணப்பம் – பூர்த்தியாயிற்று – 11/4.’ பக்கத்தில் ஆலிசனின் சுருக்கொப்பம். கெர்ரி அதை நகலெடுத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினாள்.

பதில் ஏப்ரல் 27-ஆம் தேதி வந்தது. விண்ணப்பம் பூர்த்தியானதைக் குறித்துக்கொண்டோம், ஆனால் அது எங்களுக்கு வந்து சேரவில்லை, ஆகவே முடிவில் மாற்றமில்லை. பதினான்கு நாளில் கட்டாவிட்டால் வசூல் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்படும்.

அன்று அவள் அழுதாள். ஐவிக்குப் பால் கொடுத்துக்கொண்டே, சத்தமில்லாமல். ரஸ் அருகில் வந்து உட்கார்ந்தான். அவன் தங்கை அவனுக்குத் திருப்பித் தந்த கடன் இருநூறு பவுண்டு அப்படியே இருப்பதாகவும், அதிலிருந்து கட்டிவிடலாம் என்றும், யாருக்கும் தெரியாது என்றும் மெதுவாகச் சொன்னான்.

“எனக்குத் தெரியுமே” என்றாள் அவள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்விக்குப் போனாள். எழுதிய விண்ணப்பம் எங்கே போயிற்று? கேரவனில் விளக்கு எரியாவிட்டால் விளக்கைப் பார்த்துப் பயனில்லை. மின்சாரம் புறப்படும் இடத்திலிருந்து கம்பியைத் தடவிக்கொண்டே வர வேண்டும். கிளினிக்கைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். விண்ணப்பங்களை எப்படி அனுப்புவீர்கள் என்று மட்டும் கேட்டாள். வரவேற்பில் இருந்த பெண் கொட்டாவியோடு சொன்னாள்: “வெள்ளிக்கிழமைத் தபால் பையில கண்ணு. எப்பவும் வெள்ளிதான்.”

கெர்ரி கைப்பேசியில் சென்ற ஆண்டு நாள்காட்டியைத் திறந்தாள். பதினொன்று, செவ்வாய். பதினான்கு, வெள்ளி. அதன் கீழே சின்ன எழுத்தில்: பெரிய வெள்ளி. அந்த நாள் அவளுக்கு உடம்பிலேயே பதிந்திருந்தது. சிலுவைக் கோடு போட்ட பன்களை அவள் அம்மா சூடாகக் கொண்டுவர, அந்த லவங்கப்பட்டை வாசனைக்கே கழுவுதொட்டியில் வாந்தி எடுத்திருந்தாள். அன்று ஊரே விடுமுறை. தபால் பை போயிருக்காது.

விண்ணப்பம் எழுதிய செவ்வாயன்று கிளினிக் நாற்காலியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் ஷெரில், தொழிற்சாலையில் திரைச்சீலை தைக்கும் பிரிவைச் சேர்ந்தவள். கெர்ரி தள்ளுவண்டியில் ஐவியைப் படுக்கவைத்து அவள் வீட்டுக்கு நடந்தாள். அட்டை வந்ததா என்று கேட்டாள். ஷெரில் முதலில் கதவைச் சாத்தினாள்.

“வரல. ஒரு மருந்துக்கு அம்பத்தொரு பவுண்டு அறுபது பென்ஸ். கட்டிட்டேன். அவருக்குத் தெரியாது. நீயும் கட்டிட்டுப் பேசாம இரு கெர்ரி.”

“நீ பொய் சொன்னியா?”

“இல்லையே.”

“அப்புறம் ஏன் கட்டுன?”

ஷெரில் குழந்தையின் சட்டையை மடித்துக்கொண்டே, கடிதத்தில் அப்படிப் போட்டிருந்ததே என்றாள்.

மே 1, செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு கெர்ரி கிளினிக்கில் இருந்தாள். அதை நிர்வகிப்பவர் மிஸஸ் பிரீஸ்ட்லி, கழுத்தில் இரண்டு மூக்குக் கண்ணாடிகளைத் தொங்கவிட்டிருக்கும் பெண்மணி. இன்று வேலை அதிகம், எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார். கெர்ரி சரி என்று சொல்லி, எழுதிக் கொடுத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். பத்து மணிக்கு ஐவிக்குப் பால் கொடுத்தாள். பதினொன்றரைக்குத் துணி மாற்றினாள். பன்னிரண்டரைக்கு ஐவி அழுத அழுகையில் மிஸஸ் பிரீஸ்ட்லி வெளியே வந்தார்.

“இன்னும் போகலையாம்மா நீங்க?”

“ஆலிசனோட தாளெல்லாம் எங்க இருக்கும்னு பாத்துச் சொல்லிட்டீங்கன்னா போயிடுறேங்க.”

நர்ஸ் ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதிய துணி உறை ஒன்று உண்டு. அந்த வாரத்து விண்ணப்பங்களை அதில் போட்டு வைத்து, வெள்ளிக்கிழமை அவரவர் உறையை அவரவரே தபால் பையில் கொட்டுவார்கள். இன்னொருத்தி உறையை யாரும் தொடுவதில்லை. அது மரியாதை இல்லை. ஆலிசன் சென்ற ஆண்டு ஏப்ரல் 13-ஆம் தேதி வியாழனோடு ஈஸ்டர் விடுப்பில் போனவள், திரும்பி வந்தது லிங்கனுக்கு. அவள் இடத்துக்கு வந்தவள் தன் பெயரில் புது உறை வாங்கிக்கொண்டாள். ஆலிசனின் உறை எங்கே என்று ஓராண்டாக யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அது அலமாரியின் மேல்தட்டில், கையுறைப் பெட்டிக்குப் பின்னால், ஆலிசன் பெயரோடு கிடந்தது. மிஸஸ் பிரீஸ்ட்லி ஒரு கண்ணாடியைக் கழற்றி மற்றதை மாட்டி எண்ணினார். எட்டு விண்ணப்பம். மூன்றாவது கெர்ரியுடையது. மற்றவற்றை மார்போடு அணைத்துக்கொண்டு, பெயர்களைக் காட்ட முடியாது என்றார். அவர் முகம் சிவந்திருந்தது.

“எனக்குக் காட்ட வேண்டாங்க. அவங்க ஏழு பேருக்கும் நீங்களே எழுதுங்க. அந்த ஆபீசுக்கும் எழுதுங்க. கட்டிட்டு வெளிய சொல்லாம இருக்கவங்க இருக்காங்க.”

மிஸஸ் பிரீஸ்ட்லி எழுதினார். குறை சொல்ல முடியாத கடிதம். தவறு கிளினிக்குடையது என்று முதல் வரியிலேயே இருந்தது. மே 10-ஆம் தேதி, வசூல் நிறுவனத்துக்குப் போகும் கெடுவுக்கு ஒரு நாள் முன்பு, அதன் நகலோடு கெர்ரி தன் கடிதத்தையும் அனுப்பினாள். உள்ளே ஒரு காசோலை இருந்தது. ரஸ் அதைப் பார்த்துத் திகைத்தான்.

“ஜெயிக்கிற நேரத்துல எதுக்கு இருபத்தஞ்சு பவுண்டு எம்பது பென்ஸ்?”

“அன்னிக்கு என்கிட்ட கார்டு இல்ல ரஸ். இருக்குன்னு கையெழுத்துப் போட்டேன். மருந்துக் காசு அவங்களுது. மத்தது இல்ல.”

கடிதத்திலும் அதையேதான் எழுதியிருந்தாள். நான்கு வரி. மருந்தின் விலையை இத்துடன் செலுத்துகிறேன். படிக்காமல் கையெழுத்திட்டதற்கு வருந்துகிறேன். பொய் சொன்னதாக எழுதியிருப்பதை நீக்க வேண்டும். அபராதத்தைக் கட்ட மாட்டேன்.

மே மாதம் போயிற்று. தபால்காரர் வரும் பத்தரை மணிக்கு எந்த வேலையில் இருந்தாலும் வாசல் பக்கம் கெர்ரியின் காது போய்விடும். ஜூன் 11, திங்கட்கிழமை, ஷெரில் ஷூகூட மாட்டாமல் வீட்டுச் செருப்போடு வந்து நின்றாள். அபராதமாகக் கட்டிய நாற்பத்து மூன்று பவுண்டு திரும்பி வந்திருந்தது. அவருக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை என்றாள். உள்ளதைச் சொல் என்றாள் கெர்ரி. ஷெரில் போன பிறகு அவள் சமையலறையில் நின்று, தனக்கு மட்டும் ஏன் வரவில்லை, காசோலை அனுப்பியதே குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிட்டதோ என்று முதல் தடவையாகப் பயந்தாள்.

நான்கு நாள் கழித்து அவளுக்கு வந்த பதில் ஒரே பக்கம்தான். 25.80 பவுண்டு பெறப்பட்டது. அபராதம் 100, மேல் அபராதம் 50, இரண்டும் ரத்து. உறுதிமொழி தவறான எண்ணத்தோடு அளிக்கப்படவில்லை என்று ஆவணத்தில் திருத்தப்பட்டுள்ளது. கெர்ரி இந்த முறை நின்றபடியே, ஒவ்வொரு சொல்லாக, கடைசிக் கையெழுத்து வரை படித்தாள். உறையின் மேல் பேனாவால் வந்த நாளைக் குறித்தாள்: 2018 ஜூன் 15, வெள்ளி.