பால் குடித்து வெளுத்த பிள்ளை

என் மருமகள் எவாஞ்சலினுக்கு இருபத்தாறு வயது. பிறந்த ஊர் குள்ளஞ்சாவடி. அவள் அப்பா அங்கே சந்தையில் கருவாடு விற்றவர். பத்தாவது முடித்து, வடலூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவளை என் மகன் ஆனந்த்ராஜுக்குக் கட்டி வைத்தோம். எங்கள் வீட்டுக்கு வந்து ஐந்து வருஷம் ஆகிறது. அதிர்ந்து பேசமாட்டாள். பாத்திரம் கழுவினால்கூடச் சத்தம் கேட்காது. இந்தப் பெண்ணுக்கு முன்னால் நான் வாய் அடைத்து நிற்பேன் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

நான் யாருக்கும் வாய் அடைத்து நின்றவன் இல்லை. லூர்துசாமி என்று கேட்டால் சுரங்கக்காரர்கள் குடியிருக்கும் டவுன்ஷிப்பில் பாதி பிளாக் கை காட்டும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஒரே ஒரு சினைமாட்டோடு மந்தாரக்குப்பத்துக்கு வந்து, பதினாலு மாடு கட்டிக் காட்டினேன். மழையானாலும் புயலானாலும் குவார்ட்டர்ஸ் வாசலில் என் பால் வண்டி மணிச் சத்தம் கேட்காத விடியற்காலை கிடையாது. நான் ஊற்றிய பாலைக் குடித்து வளர்ந்தவர்கள் இன்றைக்கு இன்ஜினியர்களாக இருக்கிறார்கள். 'தண்ணி கலக்காத லூர்து' என்றுதான் எனக்குப் பெயர். நானாக வைத்துக்கொண்ட பெயர் இல்லை, ஊர் வைத்தது.

பேத்தி தமிழ்மொழிக்கு ஒரு வயது முடிந்ததும், ஒரு மாட்டுப் பால் முழுக்க அவளுக்குத்தான் என்று சொல்லிவிட்டேன். பாட்டிலைக் கண்டால் பிள்ளை இரண்டு கையையும் நீட்டும். சோற்றைக் கண்டால் வாயை இறுக்கி மூடிக்கொள்ளும். கீரையைத் துப்பும். முட்டை வாசனைக்கே குமட்டும். எவாஞ்சலின் கிண்ணத்தோடு பின்னாலேயே போவாள். எனக்குப் பொறுக்காது.

"வுடும்மா, புள்ளைய எதுக்கு வதைக்கிற? பாலு இருக்கிற வூட்ல சோத்துக்கு என்னா அவசரம்?"

"பாலுலயே வயிறு ரொம்பிடுது மாமா. அப்புறம் எப்படிங்க சாப்புடுவா?"

"ஒங்கப்பன் ஒன்னக் கருவாட்டுத் தலையக் குடுத்து வளத்தாரு. எம் பேத்திக்கு அந்தத் தலையெழுத்து கெடையாது."

அவள் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிடுவாள். நான் பாட்டிலை நிரப்புவேன். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர்.

இரண்டரை வயதில் பிள்ளை வெளுத்தாள். எங்கள் பரம்பரையே கறுப்பு. இவள் மட்டும் மெழுகுவர்த்தி போல ஆனாள். வண்டியில் முன்னால் நிற்க வைத்து வீடு வீடாகக் காட்டினேன். "என்ன கலர் லூர்து, உங்க வீட்டுப் பிள்ளையா இது?" என்று ஒரு அம்மா கேட்டார்கள். "எல்லாம் நம்ம பாலுங்க" என்றேன். பிள்ளை வைத்த இடத்தில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள், ஓடியாடவில்லை. அடக்கமான பிள்ளை என்று அதையும் பெருமையாகச் சொன்னேன்.

ஒரு நாள் மத்தியானம் ஆனந்த்ராஜ் முதல் ஷிப்ட் முடிந்து வந்தான். மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலை. பூட்ஸை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு முகம் கழுவப் போனான். திடீரென்று எவாஞ்சலின் அலறினாள். அவள் அலறி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஓடிப் பார்த்தால், பிள்ளை பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு, அடியில் அப்பியிருந்த பழுப்பு நிலக்கரித் துணுக்குகளை விரலால் நோண்டி நோண்டித் தின்றுகொண்டிருக்கிறாள். பல்லெல்லாம் கரி.

நான் சிரித்தேன். "மைன்ஸ்காரன் மவடா! நாளைக்கே பர்மனென்ட் ஆயிடுவா."

"எட்டு வருஷமா நானே காண்ட்ராக்ட்டு. இவ எனக்கு முன்னாடி ஆயிடுவா போல" என்று ஆனந்த்ராஜும் சிரித்தான்.

எவாஞ்சலின் முந்தானையால் பிள்ளையின் வாயைத் துடைத்தாள். துடைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"மாமா, இங்க பாருங்க. கரியத் தொடச்சா ஒதடு வெள்ளையா இருக்கு."

"கலரும்மா அது."

"ஒதட்டுலகூடவா?"

அன்றிலிருந்து பூட்ஸ் மதில்மேல் ஏறியது. பிள்ளை சுவர்ச் சுண்ணாம்பை நக்க ஆரம்பித்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனோம். மாதா கோயில் வாசலில் நாலே நாலு படி. மூன்றாவது படியில் தமிழ்மொழி உட்கார்ந்துவிட்டாள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள். எவாஞ்சலின் அத்தனை பேருக்கு நடுவில் மண்டிபோட்டுப் பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்தாள்.

"மாமா, கோழிக்குஞ்சக் கையில புடிச்சா மாதிரி அடிச்சிக்குது."

"வெயிலும்மா. பூசை முடியட்டும், பாத்துக்கலாம்."

அவள் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு நடந்தாள். "ஏம்மா, சொல்லிக்கினே இருக்கேன், நீ பாட்டுக்குப் போறியே!" என்று கத்தினேன். திரும்பவில்லை. ஆட்டோவைக் கை தட்டி நிறுத்தினாள். வேறு வழியில்லாமல் நானும் ஏறினேன்.

மந்தாரக்குப்பத்தில் ஒரு லேடி டாக்டர் பிள்ளையின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். சிவப்பே இல்லை. உள்பக்கம் வாழைத்தண்டு மாதிரி இருந்தது. டாக்டர் உடனே ஆம்புலன்சுக்குப் போன் போட்டார். நானும் ஒரு தடவை இமையை இழுத்துப் பார்த்தேன்.

கடலூர் பெரியாஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் பதினொன்று இருக்க வேண்டிய இடத்தில் நாலு இருந்தது.

"என்ன சாப்பிடுறா?" என்று கேட்டார் அங்கிருந்த டாக்டர். சின்ன வயசுக்காரர்.

நான் முன்னால் வந்தேன். "பாலுதாங்க. ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டரு. சொந்த மாடு. ஒரு சொட்டுத் தண்ணி கெடையாது."

"வேற?"

"வேற எதுக்குங்க?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஐயா, பால்ல இரும்புச்சத்து இல்லன்னே வச்சுக்குங்க. அது வயித்த அடைச்சிடும், பசிக்க விடாது. மத்த சாப்பாட்டுல இருக்கிற சத்தையும் ஒட்ட விடாது. ரத்தம் ஊற வழியே இல்லாமப் போச்சு. மண்ணு, கரி ஏதாவது திங்கிறாளா?"

"ஆமாங்க, திங்கிறா" என்றாள் எவாஞ்சலின்.

"ரத்தசோகைக்கு அதுவும் ஒரு அடையாளம்மா. ரத்தம் ஏத்தணும். வேகமா ஏத்தினா இதயம் தாங்காது. மெதுவாத்தான் ஏத்துவோம்."

ரத்தப் பையில் இருந்து ஒரு சொட்டு விழும். அடுத்த சொட்டு விழுவதற்குள் என் உயிர் போய்ப் போய் வரும். வேகமாக விழுந்தால் இதயம் நின்றுவிடுமோ, மெதுவாக விழுந்தால் போதாமல் போய்விடுமோ. எவாஞ்சலின் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பேன்.

நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். இரும்புச்சத்து டானிக் கொடுத்தார்கள். பாட்டில் கூடாது. காலையில் ஒரு டம்ளர் பால், சாயங்காலம் ஒரு டம்ளர், அவ்வளவுதான். சாப்பாட்டைத் தட்டில் வைத்து, நீங்களும் கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள்; துரத்தாதீர்கள், திணிக்காதீர்கள், பசி வந்தால் சாப்பிடுவாள் என்று சொல்லி அனுப்பினார் டாக்டர்.

பசி வரவில்லை. முதல் நாள் தட்டையும் தள்ளிவிட்டாள், டம்ளர் பாலையும் தள்ளிவிட்டாள்; பாட்டில்தான் வேண்டும். "தாத்தா, பாலு... தாத்தா, பாலு" என்று என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இரண்டாம் நாள் அழவும் தெம்பில்லை. ரத்தம் இல்லாமல் போகப் பார்த்த பிள்ளை இப்போது பட்டினியால் போய்விடும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. மெடிக்கலில் புது பாட்டில் வாங்கினேன். எவாஞ்சலின் குளிக்கப் போன நேரம் பார்த்து, பால் நிரப்பிப் பிள்ளையின் வாயருகே கொண்டுபோனேன்.

ஈரத் தலையோடு அவள் வாசற்படியில் நின்றாள்.

"குடுங்க மாமா. ஒங்க பேத்திதானே. குடுத்துட்டு, அடுத்த தடவ ரத்தம் ஏத்தறப்ப நீங்களே பக்கத்துல ஒக்காந்துக்கினு அந்தச் சொட்டப் பாருங்க. இன்னொரு தடவ பாக்க என்னால முடியாது."

மாடு வைத்திருப்பவன் பாலைத் தரையில் கொட்டக் கூடாது என்பார்கள். கொட்டினேன்.

மூன்றாம் நாள் மத்தியானம். எவாஞ்சலின் தரையில் உட்கார்ந்து தனக்கு முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடையும், வதக்கிய கோழி ஈரலும் வைத்துக்கொண்டாள். பிள்ளைக்குச் சின்னத் தட்டில் கொஞ்சம். பிள்ளையின் பக்கம் திரும்பவே இல்லை. பிட்டுப் பிட்டுத் தின்றாள். அவளுக்கும் இறங்கவில்லை என்று தொண்டையைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது.

தமிழ்மொழி தன் தட்டைத் தொடவில்லை. ரொம்ப நேரம் கழித்து அம்மாவின் தட்டுக்குக் கையை நீட்டி ஒரு துண்டு எடுத்தாள். மென்றாள். துப்பினாள். மறுபடி எடுத்தாள். இந்தத் தடவை விழுங்கினாள்.

கொட்டிலில் கறவை நேரம் தாண்டி மாடுகள் கத்தின. சட்டைப்பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. நான் கதவைப் பிடித்தபடி நின்றேன். எவாஞ்சலின் இடது கை முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தது, வலது கை மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். அன்றைக்கு என்ன சொல்வார்களோ தெரியாது. பிள்ளை அடுத்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அம்மா முகத்தைப் பார்த்தாள். எவாஞ்சலின் திரும்பவில்லை. நானும் அசையவில்லை.