மூன்றாவது தடவை கூப்பிட்ட குரல்

ஆண்டவரை நம்பியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் என் தோத்திரம். ஏழு வயது மகளை அந்நிய தேசத்து விமான நிலையத்தில் தொலைத்துவிட்டு நின்றவள் நான். ஆண்டவர் அவளைத் திருப்பித் தந்தார். எப்படித் தந்தார் என்பதை நினைத்தால் இன்றைக்கும் கை சில்லிட்டுப் போகிறது.

எங்களுக்கு ஒரத்தநாடு பக்கம். என் கணவர் வளைகுடாவில் வெல்டர். மகள் ஜெனிக்கு மூன்று வயதில் போனவர், பிறகு ஊருக்கே வரமுடியவில்லை. பிள்ளைக்கு அப்பா என்றால் போனில் வரும் குரல்தான். போன தை மாதம் அவருக்குக் கனடாவில் வேலை அமைந்தது. நானும் ஜெனியும் திருச்சியிலிருந்து கிளம்ப வேண்டும். நடுவில் விமானம் மாறும் இடத்துக்கு அவர் வந்துவிடுவார். அங்கிருந்து மூவரும் ஒன்றாகக் கனடா. சம்பா அறுப்பு முடிந்த கையோடு புறப்பட்டோம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் இருட்டில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் சட்டென்று பதில் கொடுக்க மாட்டோம். பேய் இரண்டு தடவைதான் கூப்பிடுமாம். மூன்றாவது தடவையும் கூப்பிட்டால்தான் மனுஷர். நான் ஞானஸ்நானம் எடுத்து எத்தனையோ வருஷம் ஆகிறது, இந்தப் பயம் மட்டும் அந்தத் தண்ணீரில் போகவில்லை. பாஸ்டர் எவ்வளவோ திட்டிப் பார்த்தார். ஜெனிக்கும் அதையே சொல்லி வளர்த்தேன். அவளுக்கு இரவு பகல் வித்தியாசம் கிடையாது. அவள் அப்பாவே போனில் "ஜெனிக்குட்டி" என்று மூன்று தடவை கூப்பிட்டால்தான் "ம்" என்பாள்.

காலையில் நாங்கள் இறங்கிய கொஞ்ச நேரத்தில் வெளியே ஒரே மூடுபனி. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் விமானம், தரை, வானம் எதுவும் இல்லை. வெறும் வெள்ளை. உள்ளேயே ஓடும் சின்ன ரயிலில் ஜெனி முதலில் ஏறினாள். நான் பையைத் தூக்குவதற்குள் கதவு மூடிக்கொண்டது. கண்ணாடியில் கையை வைத்து அவள் என்னைப் பார்த்தாள். ரயில் போய்விட்டது.

அடுத்த ரயிலில் பின்னாலேயே போனேன். இறங்கிய இடத்தில் ஜெனி இல்லை. யாருமே இல்லை. நீளமான பாதை. தானாக நகரும் நடைபட்டை ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

அழுதுகொண்டே ஓடி, பாதை திரும்பும் இடத்தில் நின்ற ஒரு அதிகாரியைப் பிடித்தேன். அவர் ஒலிபெருக்கியில் அறிவிக்க ஏற்பாடு செய்தார். அரபியில் ஒரு தடவை ஜெனியின் பெயர் கேட்டது. ஆங்கிலத்தில் ஒரு தடவை. அப்புறம் நின்றுவிட்டது.

இரண்டு தடவை!

பிள்ளை பேய் என்று நினைத்து எங்கேயாவது பதுங்கியிருப்பாள். "சார், த்ரீ டைம் கால், த்ரீ டைம்!" என்று விரலைக் காட்டிக் கெஞ்சினேன். அவருக்கு விளங்கவில்லை. "வெயிட், மேடம்" என்றார். நானே கத்திக் கூப்பிடலாம் என்றால் தொண்டை அடைத்துக்கொண்டது. அப்படியே தரையில் மண்டியிட்டேன்.

"ஆண்டவரே, என் குரல் போய்ச் சேராது. நீங்களே கூப்பிடுங்க. மூணு தடவ கூப்பிடுங்க."

நடைபட்டையின் சத்தம்கூட அப்போது என் காதில் விழவில்லை. தலையை நிமிர்த்தினேன். பாதையின் கோடியில் ஜெனி வந்துகொண்டிருந்தாள். வலது கையை மேலே தூக்கியபடி வந்தாள், பெரியவர் யாரோ பிடித்துக் கூட்டி வருவது போல. பக்கத்தில் யாரும் இல்லை.

ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். அந்தக் கை மட்டும் ஈரமாக, ஐஸ் மாதிரி இருந்தது. பனி பெய்த வயலில் அளைந்துவிட்டு வந்த கை போல.

"அப்பா கூப்பிட்டாங்கம்மா. மூணு தடவ கூப்பிட்டாங்க. அதான் வெளிய வந்தேன்."

"எங்கடி அப்பா?"

திரும்பிப் பார்த்தாள். "இப்பதான் கைய விட்டாங்க."

அவள் அப்பாவின் விமானம் அப்போது தரையிறங்கவே இல்லை. பனியில் இறங்க முடியாமல் மேலேயே சுற்றிக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்துதான் அவர் வந்தார். எங்களைப் பார்த்ததும் கைகளை விரித்துக்கொண்டு ஓடி வந்தார். ஜெனி என் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"இவங்க இல்லம்மா. அது வேற அப்பா."

அவர் முகம் வாடிவிட்டது. அவர் மெதுவாக உட்கார்ந்து, "ஜெனிக்குட்டி… ஜெனிக்குட்டி… ஜெனிக்குட்டி…" என்றார்.

"ம்" என்றாள் பிள்ளை. "குரல் அதேதாம்மா."

நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டது. "பிளேன் கிடந்து ஆடுச்சு புள்ள. ஜெனிய பாக்காமலே போயிருவேனோன்னு பயந்துட்டேன். கண்ண மூடிக்கிட்டு மூணு தடவ அவ பேர சொன்னேன்."

அவர் குரலைப் பிள்ளையிடம் கொண்டு சேர்த்தது யார் என்று எனக்குத் தெரியும். அந்தக் கை யாருடையது என்றும் தெரியும். தெரிந்தும் உடம்பு நடுங்குகிறதே, அதை நான் மறைக்கவில்லை.

கனடா வந்து பனிக்காலம் ஒன்று முடிந்துவிட்டது. இப்போது என்னை யார் கூப்பிட்டாலும் முதல் தடவையே "இதோ வரேன்" என்கிறேன். பிரியமானவர்களே, கதவு மூடி, குரலும் அடைத்துப்போய் நிற்கிறீர்களா? அவரிடம் சொல்லுங்கள். உங்கள் குரல் எட்டாத இடத்தில் அவர் குரல் எட்டும்.

ஜெனி மட்டும் மாறவில்லை. சில நாள் தன் அறையில் தனியாக விளையாடிக்கொண்டிருப்பவள் திடீரென்று தலையைத் தூக்கி "ம்" என்பாள். நாங்கள் இருவரும் கூப்பிட்டிருக்க மாட்டோம். யார் என்று நான் கேட்பதில்லை. போய் அவள் வலது கையைத் தொட்டுப் பார்ப்பேன்.

ஈரமாக இருக்கும். தோத்திரம் சொல்லித் துடைத்துவிடுவேன்.