அத்தான் கூட்டிய த்ரெட்டுகள்

போன விடுமுறைக் காலத்தில் பேருந்து முன்பதிவுத் தளம் அரை நாள் படுத்துவிட்டது. "என் மச்சினி தெரியாம கை வெச்சிட்டா சார், மன்னிச்சிடுங்க" என்று முதலாளியிடம் சொன்னவர் அவளுடைய அக்கா வீட்டுக்காரர். அவளும் வேலை பார்க்கும் சர்வர் பிரிவுக்கு அவர்தான் தலைமை. கை வைத்தவரும் அவரே. அன்றிலிருந்து அலுவலகத்தில் அவள் பெயர் 'பவர்கட்'. மறுத்தால் அக்கா அழுவாள் என்று வாயைத் திறக்கவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை.

நிஜத் தளத்தைத் தொடாமல், சோதனை சர்வரில் உட்கார்ந்து அவள் உண்மையைத் தேடினாள். தளத்துக்கு வரும் ஒவ்வொருவரையும் கவனிக்க சர்வருக்குள் வேலையாள் போல ஒரு த்ரெட். அது டேட்டாபேஸிடம் கேட்க ஓர் இணைப்பு. கூட்டம் வந்தால் இரண்டையும் கூட்டத்தான் தோன்றும். அத்தானுக்கும் அதுதான் தோன்றியது. ஆனால் ஐநூறு பேர் ஒரே சமயத்தில் கையைப் பிடித்து இழுத்தால் டேட்டாபேஸ் யாருக்குத்தான் பதில் சொல்லும்? இணைப்புகளை இருபதாகக் குறைத்து, மற்றவர்களை வரிசையில் நிறுத்திப் பார்த்தாள். வரிசையில் நின்றவர்களுக்கும் டிக்கெட் சீக்கிரமே கிடைத்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த விடுமுறைக்கு முன்பதிவு திறந்த காலை, முதலாளியே வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். தளம் திணறத் தொடங்கியது.

"த்ரெட்டைக் கூட்டும்மா. இணைப்பையும் கூட்டு" என்றார் அத்தான்.

அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள். "நீங்களே பண்ணுங்க அத்தான். என் கைதான் ராசியில்லாத கையாச்சே."

"பவர்கட்டுக்கு இன்னிக்கு லீவு" என்று யாரோ சொல்ல, அறையே சிரித்தது. அத்தானும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து இரண்டு இடத்திலும் ஐநூறு என்று தட்டினார்.

தளம் நின்றது. தொலைபேசிகள் அலறின. "இன்னும் கொஞ்சம் கூட்டிப் பாக்கறேன் சார்" என்றவரின் பிடரியில் வியர்வை இறங்குவதை அவள் ஆற அமரப் பார்த்தாள்.

"வேற யாருக்காவது தெரியுமா?" முதலாளி கத்தினார்.

"எழுந்திருங்க அத்தான்."

எண்களைக் குறைத்தாள். டிக்கெட்டுகள் ஓடத் தொடங்கின. "போன தடவையும் இதேதான் சார் நடந்துச்சு. கூட்டினது இவரு."

அத்தான் தலை நிமிரவில்லை. முதலாளி அவளிடம் திரும்பினார். "உனக்கு முன்னாடியே தெரியும். அப்புறம் எதுக்கு இடத்தைக் குடுத்தே? டிக்கெட்டுக்கு நிக்கறவன் உனக்கு என்ன பண்ணான்?"

தண்டனை உரியவரோடு நின்றுவிடுவதில்லை என்பது அவளுக்கு அப்போது புரிந்தது. புரிந்தும் அத்தான் மேல் மனம் இளகவில்லை.

மாலையில் அக்கா அழைத்தாள். "சாப்பிடாம உக்காந்திருக்காருடி. வீட்டு மனுஷனை நாலு பேர் முன்னாடி இப்படியா?"

"அதே நாலு பேர் முன்னாடிதான்க்கா என்னைச் சொன்னாரு."

"வந்து ஒரு வார்த்தை பேசுடி."

"வரேன். 'நான்தான் பண்ணேன்'னு அவரு வாயால அந்த நாலு பேர்கிட்ட சொல்லட்டும். அப்புறம் வரேன்."