வாலில் ஒட்டிய தகடு

எனக்கு ஒருவர் மேல் சந்தேகம் வந்துவிட்டால் லேசில் போகாது. பெருமாளைப் பிடித்துக்கொள்வதில் எத்தனை பிடிவாதமோ, அத்தனை இதிலும் உண்டு. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஸ்ரீரங்கத்தில் பூஜை சாமான் கடை வைத்திருக்கிறேன். படிப்பு பத்தாவதோடு சரி. ஐம்பது வயதுக்கு மேல் ரிமோட்டில் பறக்கிற சின்ன விமானத்தின் மேல் ஆசை வந்தது, வீட்டில் சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் திருவெள்ளறையில் பெருமாளைச் சேவித்துவிட்டு, ஊருக்கு வெளியே வறண்டு கிடக்கும் ஏரிக்குப் போவேன். நாலைந்து பேர் அங்கே சேருவோம்.

விமானத்தை ஏற்றுவது பெரிய காரியமில்லை. இறக்குவதுதான் காரியம். காற்றுக்கு எதிரே திருப்பி, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, சரிவில் இறங்குகிற மாதிரி கொண்டுவர வேண்டும். தரைக்கு ஒரு முழம் இருக்கும்போது மூக்கை லேசாகத் தூக்கினால், சக்கரம் மண்ணைத் தொட்டது தெரியாமல் உட்காரும். அப்படி இறக்கிய நாளில் எனக்குக் காபிகூட வேண்டியிருக்காது.

ஒருநாள் தடாலென்று இறக்கி வாலை முறித்துவிட்டேன். தென்னூரில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பாயிடம் கொடுத்தேன். அவரும் ஏரிக்கு வருகிறவர்தான். எங்கள் எல்லோருடைய விமானத்துக்கும் அவர்தான் வைத்தியர். வாலை ஒட்டி, அதை அசைக்கிற சின்ன மோட்டாரையும் புதிதாக மாற்றியிருப்பதாகச் சொல்லிக் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து பூஜை அறையில் வைத்துத் துளசி சாத்தினேன். கடையிலிருந்த சக்கரத்தாழ்வார் செம்புத் தகடு ஒன்றை உள்ளே வைத்தேன். முன்பக்கம் பேட்டரி அடைத்துக்கொண்டிருந்ததால் வால் பக்கம்தான் இடம் கிடைத்தது. பாய் பார்த்தால் என்ன நினைப்பாரோ என்று, விமானத்தின் நிறத்திலேயே வெள்ளை டேப்பாகப் பார்த்து ஒட்டினேன்.

அந்த ஞாயிறு, இறக்க வேகத்தைக் குறைத்ததுமே மூக்கு தானாக மேலே எழும்பியது. ஒரு கணம் அப்படியே நின்று, ஒரு பக்கம் சாய்ந்து பொத்தென்று விழுந்தது. அடுத்த ஞாயிறும் அதேதான். நல்லவேளை, எதுவும் முறியவில்லை.

பழைய மோட்டாரைப் போட்டுவிட்டுப் புதுசு என்கிறாரோ? கழற்றியதை ஏன் என்னிடம் தரவில்லை? தென்னூருக்கே போனேன். பாய் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பும் சரியாகப் படவில்லை. மேஜை மேல் வேறு யாருடையதோ விமானம், வாலில் பளபளவென்று ஒரு மோட்டார். எனக்கு வர வேண்டியதுதான் அங்கே போயிருக்கிறது என்று தோன்றியது. கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் தீர்ந்திருக்கும். கேட்கவில்லை. டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஏரிக்கு வரும் மற்றவர்களிடம்தான் சொன்னேன், பாயிடம் கொடுக்கும்போது பார்த்துக் கொடுக்கும்படி. லால்குடியிலிருந்து வரும் நெல் வியாபாரி அதைக் கேட்டுத் தன் விமானத்தை ரிப்பேருக்கு வெளியூர் அனுப்பிவிட்டார். என் மனைவி மட்டும், "நீங்க கண்ணால பார்த்தீங்களா?" என்றாள். நான் விளக்கேற்றப் போய்விட்டேன்.

மூன்றாவது ஞாயிறு பாய் நேராக என்னிடம் வந்தார்.

"அண்ணே, லால்குடிக்காரர் வேற இடத்துக்கு அனுப்பிட்டாரு. ஏன்னு எனக்குத் தெரியும். என் பொழப்பே இந்தப் பேர்லதான் ஓடுது. உங்க பிளேனைக் கொஞ்சம் குடுங்க."

இரண்டு இறக்கைகளுக்கும் அடியில் ஒவ்வொரு விரலை வைத்து விமானத்தைத் தூக்கினார். வால் கீழே போனது. மறுபடி தூக்கினார். மறுபடியும் வால்தான் தாழ்ந்தது.

"நான் குடுத்தப்போ நேரா நின்னுச்சே. பின்னாடி என்ன வச்சீங்க?"

டேப்பை உரித்தேன். உள்ளங்கை அகலத் தகடு, நல்ல கனம். அதுதான் வாலை அழுத்தி மூக்கைத் தூக்கியிருக்கிறது. இத்தனை நாளும் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன், நானே வைத்த இதை மட்டும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. சிரிக்கப்போகிறார் என்று தலை குனிந்து நின்றேன். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"சாமி தகடு, நான் தொடலை. நீங்களே முன்னாடி வைங்க. அங்க இருந்தாலும் காப்பாத்துவாரு இல்ல?"

பிளேடால் விமானத்தின் ஃபோம் உடம்பைக் கொஞ்சம் சீவி, பேட்டரிக்கு அடியில் இடம் செய்து கொடுத்தார். தகட்டைக் கண்ணில் ஒற்றி வைத்தேன். விரலில் நிறுத்தியபோது விமானம் நேராக நின்றது. ஏற்றினேன். ஒரு சுற்று சுற்றி, காற்றுக்கு எதிரே கொண்டுவந்து வேகத்தைக் குறைத்தேன். மூக்கு எழும்பவில்லை. ஒரு முழத்தில் லேசாகத் தூக்கினேன். சத்தமே இல்லை. புழுதியில் மெல்லிய கோடுகள் மட்டும் விழுந்தன.

பாய் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மோட்டார் புதுசுதாண்ணே. என்கிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம். மத்தவங்ககிட்ட சொல்லிடுங்க."

லால்குடிக்காரர் நாற்பதடி தள்ளி வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். விமானத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் நடந்தேன். தப்பு என்னுடையது, தகட்டை வைத்தது நான், பாய் போட்டது புது மோட்டார்தான் என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார்.

"பாய் சொல்லச் சொன்னாரா?"

ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. நான் விதைத்ததுதானே. தகட்டை எடுத்துப் பழையபடி வாலில் வைத்து, இரண்டு விரலில் நிறுத்திக் காட்டினேன். வால் தாழ்ந்தது. முன்னால் வைத்தேன், நேராக நின்றது. இன்னொரு தடவை காட்டச் சொன்னார். காட்டினேன். மூன்றாவது தடவை என்னை நம்பாமல், விமானத்தைத் தன் விரல்களில் வாங்கிக்கொண்டார்.