எட்டு இடத்தில் கேட்ட கடன்

ராஜபாளையத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் காசிராஜனுக்கு எதையும் ஓரிடத்தில் கேட்டுவிட்டு நிறுத்தத் தெரியாது. மகளுக்கு மாப்பிள்ளை தேடியபோது தென்காசி முதல் சாத்தூர் வரை ஒரு தரகரை விட்டுவைக்கவில்லை. கடைக்கு ஒரு மின்விசிறி வாங்க பஜார் முழுக்க ஏறி இறங்கிய மனிதர். அதுதான் பொறுப்பு என்பது அவர் நினைப்பு. ஆன்லைனில் கடனுக்கு விண்ணப்பித்துக் கொடுக்கும் வேலையிலும் அதே பொறுப்பைக் கொண்டுபோய் நுழைத்ததுதான் வினை.

தளவாய்புரத்தில் கூலிக்கு நைட்டி தைத்துப் பிள்ளைகளை வளர்க்கும் ஜெனிலா அவரிடம் வந்தாள். கணவன் இல்லாதவள். முதலாளி தொழிலை விடுகிறார். மாதக் கடைசிக்குள் பணம் கொடுத்தால் மெஷின்கள் அவளுக்கு. இல்லையென்றால் விலை பேசி வைத்திருக்கும் திருப்பூர்க்காரர் லாரியில் ஏற்றிவிடுவார், அவள் பிழைப்பும் அதோடு போய்விடும்.

"எங்கனயாச்சும் வாங்கிக் குடுங்க அண்ணாச்சி. மகளிர் குழுக் கடன்ல ஒரு தவணகூட நான் தவறுனதில்ல."

"ஒரு எடத்துல இல்லன்னா இன்னொரு எடம். கவலப்படாத தங்கச்சி."

அன்று சாயங்காலமே எட்டு நிறுவனங்களில் விண்ணப்பித்தார். போனில் வந்த ஓடிபியை எல்லாம் அவள் ஆசையோடு வாசித்துச் சொன்னாள். சம்பளச் சீட்டு இல்லையென்று எட்டும் கைவிரித்தன.

கடைசியாக ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வங்கிக்குக் கூட்டிப்போனார். ஜெனிலா வெளியே பெஞ்சில் இருக்க, மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி கேட்டார்.

"யாரு இவங்க பேர்ல இத்தன எடத்துல அப்ளை பண்ணது?"

"நாந்தான் சார்."

"ஒவ்வொரு தடவ கடன் கேக்குறதும் சிபில்ல, அதான் நம்ம கடன் வரலாறு இருக்குற எடத்துல, பதிவாகும். ஒரே நாள்ல எட்டு எடம்னா, பணத்துக்கு அல்லாடுற ஆளுன்னு ஸ்கோரக் கொறச்சிரும். குழுக் கடனச் சுத்தமா கட்டியிருக்காங்க. நேரா இங்க வந்திருந்தா குடுத்திருப்பேன். இப்ப சிஸ்டம் விடாது. ஆறு மாசம் போகட்டும்."

ஜெனிலா வயிற்றைக் கட்டிச் சேர்த்த நல்ல பெயரைக் காசிராஜன் ஒரு சாயங்காலத்தில் கெடுத்துவிட்டார். கடன் கிடைக்கவில்லை என்று மட்டும் அவளிடம் சொன்னவர், திரும்பும் பஸ்ஸில் எப்படியும் தன் தவறைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். அவள் முந்திக்கொண்டாள்.

"விடுங்க அண்ணாச்சி. எங்கூடப் பொறந்தவன்கூட எனக்காக இம்புட்டு எடத்துல கேட்டிருக்க மாட்டான்."

அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? டிக்கெட்டை மடித்துக்கொண்டிருந்தார். மெஷின்கள் திருப்பூர் போயின. ஜெனிலா மில்லில் ராத்திரி ஷிப்டுக்குப் போனாள்; பிள்ளைகள் பக்கத்து வீட்டில் படுத்தன. காசிராஜன் பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டார், மனதுக்குள் மட்டும்.

ஒரு நாள் ஷிப்டு முடிந்த கையோடு, மாடு வாங்கக் கடன் தேடும் மாரிக்கனியை ஜெனிலாவே கடைக்குக் கூட்டிவந்தாள்.

"அண்ணாச்சிகிட்ட விட்டுட்டா போதும்க்கா. அவிய ஒரு எடம் பாக்கியில்லாம கேப்பாவ."

மாரிக்கனி ஆதார் அட்டையை நீட்டினாள். காசிராஜன் அதை வாங்கவில்லை.

"பல எடத்துல கேக்கக்கூடாதும்மா, பேரு கெட்டுரும். நேரா ஸ்ரீவில்லிபுத்தூர் பேங்குக்குப் போ. அந்த ஒரு எடம் போதும்."

ஜெனிலா தூக்கம் விழுந்த கண்களோடு அவரையே பார்த்தாள்.

"அப்ப எனக்கு மட்டும் ஏன் அண்ணாச்சி எட்டு எடத்துல கேட்டீங்க?"